முப்பது மாத மாடும் பத்து வயது மாடும்

திருநெல்வேலி மேலப்பாளையத்தில் பாளையங்கால்வாய்க்கு அருகே, பெயர்ப்பலகையின் எழுத்துகள் மங்கிப்போன ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல்தான் அங்கே கல் சூடாகும்; சட்டி காலியானதும் கடையை எடுத்து வைத்துவிடுவார்கள். ஆட்டுக்கறி, கோழி, மீன் எதுவும் கிடையாது. மாட்டிறைச்சி ஒன்றுதான். சுக்கா, சால்னா, ஈரல், குடல், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நல்லி, இவற்றுக்குத் துணையாகப் புரோட்டா என்று அந்தக் கடையின் பட்டியல் ஒரு மூச்சில் முடிந்துவிடும். முன்புறம் நான்கு மேசைகளும், குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்று துணித்திரை போட்ட ஓர் உள்ளறையும் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாரம் ஒரு முறையாவது நான் சாப்பிடுகிற இடம் அது. சுற்றுவட்டாரத் தெருக்காரர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். பீடிக் கடைக்கு இலையும் தூளும் கொண்டுபோகிறவர்கள், சந்தைத் தரகர்கள், பள்ளிவாசலிலிருந்து நேராக வருகிற முதியவர்கள் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "டாக்டர், இன்னைக்கு நெஞ்சுக்கறி நல்லா விழுந்துருக்கு, ஒரு பத்து நிமிஷம் பொறுத்துச் சாப்பிடுங்க" என்பார். பொறுத்துத்தான் சாப்பிடுவேன்; அவர் சொல் இதுவரை பொய்த்ததில்லை.

நான் அரசுக் கால்நடை மருத்துவராக 32 ஆண்டுகள் பணியாற்றி 2018-இல் ஓய்வு பெற்றவன். என் மகள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் செவிலியாக வேலை பார்க்கிறாள். போன ஆண்டு அவளோடு ஒன்றரை மாதம் தங்கியிருந்தபோது, தன் வீட்டுத் தெருமுனையில் இருந்த பப் ஒன்றுக்கு என்னை அழைத்துச் சென்றாள். தடித்த மாட்டிறைச்சித் துண்டை அப்படியே சுட்டுத் தருகிற ஸ்டேக்குக்குப் பெயர்போன இடம் அது. அங்கே சாப்பிட்டுத் திரும்பியதிலிருந்து ஒரே கேள்வி மனத்தில் கிடந்தது: நாற்பது நிமிடத்தில் மேசைக்கு வந்த அந்தத் துண்டு அவ்வளவு மென்மையாக இருக்கும்போது, மேலப்பாளையத்துக் கடையில் மூன்று மணி நேரம் வேகிற கறியை அதே போலக் கல்லில் போட்டு எடுத்தால் என்ன ஆகும்? விடையின் ஒரு பகுதி படித்த படிப்பிலேயே எனக்குத் தெரியும். மீதியைக் கடைக்காரரோடு சேர்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

பப் என்பது 'பொது வீடு' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் என்று மகள் சொன்னாள். உள்ளே போன பிறகு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கியது. மது விற்கும் இடம் என்றாலும் அங்கே பாட்டிமார் இருந்தார்கள், தள்ளுவண்டியில் குழந்தை இருந்தது, ஒரு மேசைக்கடியில் நாய் ஒன்று படுத்திருந்தது. மதுக்கூடம் என்றால் பெண்பிள்ளைகள் தலைகாட்டக் கூடாத இடம் என்றே பழகிய எனக்கு, மகளோடு அங்கே உட்கார்ந்திருப்பதற்கு முதல் கால் மணி நேரம் கூச்சமாகத்தான் இருந்தது. நான் குடிப்பதில்லை; இஞ்சிச் சுவையுள்ள ஒரு குளிர்பானத்தை வாங்கிக் கொடுத்தாள். பரிமாறுபவர் மேசைக்கு வந்து கேட்பதில்லை. நாமே எழுந்து நீண்ட மரப்பலகையின் முன்னால் போய், மேசை எண்ணைச் சொல்லி, வேண்டியதைக் கேட்டுப் பணத்தையும் அங்கேயே கட்டிவிட வேண்டும்.

சுவரில் ஒரு கரும்பலகை. மாட்டின் எந்தப் பகுதித் துண்டு என்பதும், சமைப்பதற்கு முந்தைய எடை எத்தனை அவுன்சு என்பதும், மாடு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்பதும், அறுத்த பின் கறி எத்தனை நாள் தொங்கவிடப்பட்டது என்பதும் அதில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தன. அன்றைக்கு எழுதியிருந்த கணக்கு 28 நாள். அறுத்த கறியை விடியற்காலையில் வாங்கி மதியத்துக்குள் சட்டியில் ஏற்றிவிடுகிற ஊரிலிருந்து போனவனுக்கு அந்த எண் திடுக்கிட வைக்கக்கூடியது. எனக்கோ அதுதான் அந்தப் பலகையில் மிகவும் பிடித்த வரி. மாடு இறந்த சில மணி நேரத்தில் தசை விறைக்கத் தொடங்கி, ஒரு நாளளவில் முழுக்க இறுகிவிடும். அதன் பிறகு, உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் வைத்திருந்தால், தசைக்குள்ளேயே இருக்கிற நொதிகள் அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். மேற்பரப்பின் ஈரம் வற்றச் சுவையும் செறியும். இதையெல்லாம் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இறைச்சியியல் பாடத்தில் எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வாயில் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மகள் முதுகுப் பகுதித் துண்டு ஒன்றையும், எனக்கு விலாவை ஒட்டிய, கொழுப்பு இழையோடிய துண்டு ஒன்றையும் சொன்னாள். எந்தப் பதத்தில் வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் வெப்பமானியின் கணக்கு இருக்கிறது. துண்டின் நடுப்பகுதி 50 பாகை செல்சியசை ஒட்டி இருந்தால் உள்ளே முழுச் சிவப்பு. 55-ஐ ஒட்டினால் வெதுவெதுப்பான இளஞ்சிவப்பு. 60-ஐத் தாண்டினால் சிவப்பு மங்கி வரும். 70-ஐத் தாண்டினால் சாம்பல் நிறமாகிச் சாறு பெரும்பாலும் வெளியேறியிருக்கும். மகள் 55-ஐக் கேட்டாள். நான் 60-க்கு மேல் கேட்டேன்.

தட்டு வந்தபோது மகளின் துண்டிலிருந்து சிவந்த நீர் கசிந்திருந்ததைப் பக்கத்து மேசையில் இருந்த நம் நாட்டு இளைஞர் ஒருவர் முகம் சுளித்துப் பார்த்தார். அது இரத்தம் இல்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த உணவை அருவருக்கிறார்கள். அறுக்கும்போதே இரத்தம் பெரும்பகுதி வடிந்துவிடுகிறது. தசைக்குள் பிராணவாயுவைத் தேக்கி வைக்கிற மயோகுளோபின் என்ற புரதமே அந்த நீருக்கு நிறம் தருகிறது. உழைக்கும் தசையில் அது கூடுதலாக இருக்கும். அதனால்தான் கோழியின் நெஞ்சைவிடக் கால் கறுத்திருக்கிறது, கோழிக்கறியைவிட மாட்டுக்கறி சிவந்திருக்கிறது.

கத்தி இறங்கிய விதத்தை என்னால் இன்றும் கையில் உணர முடிகிறது. அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. மேலே கருஞ்சிவப்பான பொருக்கு, அதற்குக் கீழே நூலளவு சாம்பல், அதற்குள் ஒரே சீரான இளஞ்சிவப்பு. உப்பும் மிளகும் தவிர வேறு எதுவும் இல்லை. பக்கத்தில் தடித்த உருளைக்கிழங்கு வறுவல், வாட்டிய தக்காளிப் பாதி, காளான், ஒரு சிறிய கிண்ணத்தில் மிளகுச் சாறு. முதல் வாய் மெல்லும்போதே எனக்குத் தோன்றியது, இது மாட்டின் சுவை என்று. மசாலா இல்லாமல் அந்தச் சுவையை அதுவரை நான் அறிந்ததில்லை. மாடுகளோடே வாழ்நாளைக் கழித்த ஒருவன் இதை எழுதுவதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் உண்மை அதுதான்.

நான் கால்நடை மருத்துவர் என்று மகள் சொல்லிவிட்டாள் போலும், கூட்டம் குறைந்ததும் பப்பை நடத்துகிறவரே வந்து எங்கள் மேசையருகே நின்றார். அறுபதைக் கடந்தவர். மாட்டின் வயது என்ன என்று கேட்டேன். 30 மாதத்துக்குள் என்றார். அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு இருப்பது எனக்குத் தெரியும். பைத்தியப் பசு நோய்க்கும் மனிதருக்கு வந்த மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 1996 மார்ச்சில் அந்நாட்டு அரசு அறிவித்தது. அதன் பிறகு 30 மாதத்துக்கு மேற்பட்ட மாடு எதுவும் உணவுக்கு வரக் கூடாது என்ற விதி வந்து, 2005 வரை நடப்பில் இருந்தது. 1997 டிசம்பரிலிருந்து 1999 டிசம்பர் வரை எலும்போடு சேர்ந்த மாட்டுக்கறி விற்பதே தடுக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் எலும்புத் துண்டைக் கேட்டு வந்து திரும்பிப் போனவர்களின் முகங்கள் இன்னும் நினைவிருப்பதாக அவர் சொன்னார். விதி போய்விட்டாலும், ஸ்டேக்குக்கு இள மாடுதான் என்ற பழக்கம் போகவில்லை. அது நோய்க்கு முன்பே இருந்த பழக்கம். உழாத, வண்டி இழுக்காத, புல்வெளியில் மேய்ந்து சதை வைத்த மாடு அது.

ஊர் திரும்பிய பிறகு, கடையின் உள்ளறையில் உட்கார்ந்து இதையெல்லாம் கடைக்காரரிடம் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு முழுதும் கேட்டார். கடைசியில், "முப்பது மாசமா? அது இன்னும் ரெண்டு பல்லு மாடுல்லா டாக்டர்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் பாகையிலும் நாளிலும் பேசியதை அவர் ஒரே சொல்லில் பல்லுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மாட்டுக்கு மேல்தாடையின் முன்புறத்தில் பல் கிடையாது. கீழ்த்தாடையில் எட்டு வெட்டுப்பற்கள். இரண்டு வயதை ஒட்டி நடுவிலிருக்கும் பால்பற்கள் இரண்டும் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். பிறகு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு சோடியாக, ஐந்து வயதுக்குள் எட்டும் நிறைந்துவிடும். அதன் பின் வளர்ச்சி இல்லை, தேய்மானம்தான். பத்து வயதில் பற்கள் குட்டையாகி, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, முளைக்குச்சிகள் போல நிற்கும். என் பணிக்காலத்தில் இறைச்சிக்கூடப் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில், விடியலுக்கு முன்னால் கைவிளக்கை வைத்துக்கொண்டு மாட்டின் நாக்கை ஒரு பக்கமாகப் பிடித்திழுத்து, அந்தப் பற்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாகச் செயலிழந்தது என்றோ சான்று தரப்பட்ட மாட்டைத்தான் அறுக்கலாம். எருமைக்கும் அதே விதிதான். அந்தச் சான்றில் கையெழுத்திட்ட கை இது.

ஆகவே, நம் ஊரில் சட்டப்படி தட்டுக்கு வருகிற மாடு பெரும்பாலும் பத்து ஆண்டு வாழ்ந்த மாடு. பத்து ஆண்டு வாழ்ந்த மாட்டின் தசையைப் பிணைத்து வைத்திருக்கிற கொலாஜன் என்ற நார்ப்பொருள், வயது ஏற ஏறக் குறுக்குப் பிணைப்புகளால் இறுகிக்கொண்டே போகிறது. உழைக்கும் தசையில் அதன் அளவும் மிகுதி. 60 பாகையில் அதற்கு ஒன்றும் ஆகாது. 80, 90 பாகை ஈர வெப்பத்தில் மணிக்கணக்காக வெந்தால்தான் அது இளகிப் பசையாக மாறும். நல்லி தின்ற விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவே, அந்தப் பசை இதுதான்.

எங்கள் வீட்டில் மாட்டுக்கறி சமைத்ததில்லை. முன்னீர்ப்பள்ளத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில், இரண்டு உழவு மாடுகளை வைத்துப் பிழைத்த வீடு எங்களுடையது. 1971-இல் எனக்குப் பதினொரு வயது. ஏரில் வலப்பக்கம் பூட்டுகிற வலத்தன் கிழடாகி, மேட்டில் ஏர் இழுக்கும்போது முன்னங்கால் மடிந்து இரண்டு முறை விழுந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா அதை மேலப்பாளையம் சந்தைக்கு நடத்திக்கொண்டு போனார். நானும் பின்னால் நடந்தேன். தரகர் அப்பாவின் கையைத் துண்டுக்குள் பிடித்து விரலால் விலை பேசினார். அப்பாவின் முகத்தைப் பார்த்தால் விலை படிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு அவர் குனிந்து, மாட்டின் கழுத்திலிருந்த பிடிகயிற்றை அவிழ்த்துத் தம் தோளில் போட்டுக்கொண்டார். கயிற்றைக் கொடுப்பதில்லை, அது வழக்கம். திரும்பி வரும் வழியில் அந்தக் கயிறு முழுக்க மாட்டு வியர்வையின் வாடை. வீடு வரும் வரை அப்பா ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மாடு எங்கே போயிற்று என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கல்லூரி விடுதியில் நண்பர்களோடு முதன்முறை மாட்டுக்கறி தின்றபோதும், பின்னாளில் இந்தக் கடையில் வழக்கமாகச் சாப்பிடத் தொடங்கியபோதும், அந்தக் கயிற்றின் வாடை எனக்கு வந்துபோகும். அதற்காக நான் சாப்பாட்டை நிறுத்தியதில்லை. உழைத்த மாட்டின் கறியைத் தூக்கி எறிவதைவிட, அதற்குரிய பொறுமையோடு சமைத்து, எலும்புவரை ஒன்றும் வீணாக்காமல் தின்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி, நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் முறை, கடைக்காரர் பின்தொடையிலிருந்து ஒரு விரற்கட்டைப் பருமனில் இரண்டு துண்டு போட்டார். காலையில் அறுத்த கறி, மாலை ஆறு மணி. உப்பும் மிளகும் தடவி, புரோட்டாக் கல்லின் நடுவில், அடுப்பின் வெப்பம் கூடுதலாக இருக்கும் இடத்தில் வைத்தார். சீறல் நன்றாகத்தான் இருந்தது. கல்லில் பட்ட பக்கம் சிவந்து, பிறகு கருஞ்சிவப்பாகிப் பொருக்குத் தட்டியது. வாசனைக்குத் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மகள் வாங்கித் தந்திருந்த, ஊசியைக் குத்தி வெப்பம் பார்க்கிற சிறு கருவியை நடுவில் செருகி, 65 காட்டியதும் எடுக்கச் சொன்னேன். ஸ்டேக்கை உள்ளே சிவக்க விட்டுத் தின்னலாம் என்று அங்கே சொன்னதை இங்கே அப்படியே கொண்டுவர நான் உடன்படவில்லை. முழுத் தசைத் துண்டில் நோய்க்கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும், சூடு பட்டதும் செத்துவிடும் என்பது சரிதான். ஆனால் நாடாப்புழுவின் கூடுகள் தசைக்குள்ளேயே இருக்கக்கூடியவை. 60 பாகையை நடுவிலும் தாண்டியாக வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஐந்து நிமிடம் ஆறவிட்டு அறுத்தோம். கத்தி வழுக்கியது. வாயில் போட்டால் மெல்ல மெல்லப் பந்தாகத் திரண்டதே தவிரக் கரையவில்லை. கடைக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார், ஒன்றும் சொல்லவில்லை. மீதியைக் கல்லுக்கே எடுத்துப்போய், கொத்துப் புரோட்டா போடும் தகடுகளால் பொடிப்பொடியாகக் கொத்தி, கொதித்துக்கொண்டிருந்த சால்னாவில் சேர்த்து மூடிவிட்டார். வீணாகவில்லை.

இரண்டாம் முறை, தொடையை விட்டுவிட்டு அண்டர்கட் கேட்டேன். முதுகெலும்புக்கு அடியில், வயிற்றின் உட்புறமாக, நீளவாக்கில் ஒட்டிக் கிடக்கிற தசை அது. ஆங்கிலேயர் மிகவும் விலை கொடுத்துத் தின்கிற ஃபில்லெட் அதுதான். ஏரும் வண்டியும் இழுக்கிற சுமை தோளிலும் தொடையிலும் விழுகிறதே தவிர, இந்தத் தசையில் அவ்வளவாக விழுவதில்லை. கிழட்டு மாட்டிலும் அங்கே நார்ப்பொருள் குறைவு. அன்றைய துண்டு மெல்ல முடிந்தது. ஆனாலும் ஒரு விறைப்பு, கடித்தால் பின்வாங்குகிற ஒரு துள்ளல் இருந்தது. காலையில் அறுத்த கறி மாலையில் இறுகுவதன் பலன் அது.

மூன்றாம் முறைக்கு ஒரு வாரம் காத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை எடுத்த அண்டர்கட்டை மெல்லிய சவ்வு நீக்கி, உப்புத் தடவி, கம்பித் தட்டில் மூடாமல், என் வீட்டுக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வெள்ளிக்கிழமைவரை வைத்திருந்தேன். வெளிப்புறம் காய்ந்து, பட்டுத்துணியைத் தொடுவதுபோல இருந்தது. ஈரம் இல்லாததால் கல்லில் வைத்ததும் பொருக்கு உடனே தட்டியது. ஈரம் இருந்தால் அது ஆவியாகும்வரை கறி 100 பாகையைத் தாண்டாது, 140-ஐ ஒட்டினால்தான் நன்றாகச் சிவக்கும். புரதமும் சர்க்கரையும் வெப்பத்தில் கூடி நிறமும் மணமும் உண்டாக்குகிற இந்த வினையை 1912-இல் முதலில் விளக்கியவர் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலர். கடைக்காரர் மாட்டுக் கொழுப்பு ஒரு கட்டியைக் கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தார். 62-இல் எடுத்து ஆறவிட்டபோது தானாகவே 65-க்கு ஏறியது. அறுத்தோம். கத்தி இறங்கியது.

லீட்ஸில் தின்ற அளவுக்கு இளகவில்லை. சுவை அதைவிட ஆழமாக இருந்தது. இதை ஊர்ப்பற்றில் சொல்லவில்லை. வயது ஏறிய மாட்டின் தசையில் மயோகுளோபின் கூடுதலாக இருப்பதால் நிறமும் கறிச்சுவையும் செறிந்திருக்கும் என்பது எங்கள் துறையில் எல்லோரும் அறிந்ததுதான். கடைக்காரர் இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவதை எடுத்துத் தம் பேரனிடம் நீட்டினார். பிறகு சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு டாக்டர். ஆனா இது கடைக்கு ஆவாது. ஒரு மாட்டுக்கு ரெண்டு அண்டர்கட்டுதான். அதைக் கல்லுல போட்டா கொஞ்சப் பேருக்குத்தான் வரும். மத்த ஆளுகளுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

நான் பப்பில் கேட்க மறந்த கேள்வி அது. அங்கே ஸ்டேக் ஆகிற பகுதி, முதுகையும் இடுப்பையும் சேர்ந்த ஒரு சிறு பங்குதான். மீதி மாடு கொத்துக்கறியாகவும், மாவுக்குள் வைத்துச் சுடும் பண்டமாகவும், வேகவைக்கும் துண்டாகவும் வேறு வேறு இடங்களுக்குப் போய்விடுகிறது. கரும்பலகையின் முன்னால் நிற்கிறவனுக்கு அந்த மீதி கண்ணில் படுவதில்லை. இந்தக் கடையிலோ, காலையில் வந்த கறியில் எது எங்கே போகிறது என்பது ஒவ்வொரு மேசைக்கும் தெரியும். விலா சால்னாவுக்கு, நெஞ்சும் தொடையும் சுக்காவுக்கு, கால் எலும்பு வெள்ளிக்கிழமை நல்லிக்கு.

அவருடைய சுக்காவை நான் இத்தனை நாள் தின்றிருக்கிறேன், செய்வதை முழுதும் நின்று பார்த்தது இந்தச் சோதனைகளின்போதுதான். மதியம் இரண்டு மணிக்கே, எலும்பும் கறியுமாகப் பெரிய சட்டியில் மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது போட்டு, கறி விடுகிற நீருக்கு மேல் கொஞ்சமே தண்ணீர் ஊற்றி, உடைமர விறகில் ஏற்றிவிடுவார். கொதி வந்ததும் விறகை இழுத்துவிட்டுக் கங்கில் விடுவார். பொங்கிக் கொதிக்கவே கூடாது என்பார். மூன்று மணி நேரம். பிறகு ஒரு துண்டைக் கரண்டியின் முதுகால் அழுத்திப் பார்ப்பார். நார் நாராகப் பிரிந்தால் சரி. அதன் பின்தான் இரும்பு வாணலி. எண்ணெயில் பெருஞ்சீரகம், பிளந்த சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல் பல்லாகக் கீறிய தேங்காய். அதில் கறியைக் கொட்டி, சட்டியில் மிஞ்சிய பசைநீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றி வற்றவிட்டு, மீண்டும் ஊற்றி வற்றவிட்டு, ஒவ்வொரு துண்டின் மேலும் அது கருத்துப் படியும்வரை கிண்டுவார். மிளகுத்தூள் இறக்கும்போதுதான்.

வாணலியருகே நின்றபோது எனக்குப் புலப்பட்டது, மயார் விளக்கிய அதே சிவத்தல்தான் இங்கேயும் நடக்கிறது என்பது. ஸ்டேக்கில் அது முதலிலேயே நிகழ்ந்து, சமையலும் அத்தோடு நின்றுவிடுகிறது. சுக்காவில் மூன்று மணி நேரம் நார்ப்பொருளை இளக்கிவிட்டு, கடைசிக் கால் மணி நேரத்தில் அதைக் கொண்டுவருகிறார்கள். 30 மாத மாட்டுக்கு முதல் முறை போதும். பத்து ஆண்டு உழைத்த மாட்டுக்கு இரண்டாவது வேண்டும். லீட்ஸ் பப்பின் சமையற்காரரும் மேலப்பாளையத்துக் கடைக்காரரும் தங்கள் முன்னால் கிடக்கிற மாட்டின் வயதைப் படித்தறிந்து அதற்குப் பொருந்தத் தீ வைக்கிறவர்கள். அந்த அறிவுக்கு நான் இரண்டு இடத்திலும் தலைவணங்குகிறேன். பெரிய நகரங்களின் விடுதிகள் சிலவற்றில், இதை எண்ணிப் பாராமல், கிழட்டுத் தொடைக்கறியை ஸ்டேக் என்று பெயரிட்டு, பப்பாளிச் சாற்றில் ஊறவைத்துக் கூழாக்கித் தருகிறார்கள். ஒரு முறை தின்று பாதியில் வைத்துவிட்டேன். நார் போய்விட்டது, கறியும் போய்விட்டது.

டிசம்பர் விடுமுறைக்கு மகள் வந்தாள். கடைக்காரர் செவ்வாய்க்கிழமையே ஓர் அண்டர்கட்டைத் தனியே வைத்திருந்தார்; கடைக்கென்று வாங்கிய குளிர்பெட்டியில் ஒரு தட்டை இதற்கு ஒதுக்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். "உங்க பிள்ளைக்குத்தான், கணக்குல எழுத மாட்டேன்" என்றார். வெள்ளிக்கிழமை மாலை உள்ளறையில் உட்காராமல், மகள் கல்லருகே போய் நின்றாள். கடைக்காரரின் பேரனுக்குப் பதினான்கு வயது. வெப்பம் பார்க்கும் கருவியை எங்கே குத்த வேண்டும், பக்கவாட்டிலிருந்து ஊசியின் நுனி நடுவுக்குப் போகும்படி எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவள் அவனுக்குக் காட்டிக்கொடுத்தாள். அவன் குனிந்து எண்ணைப் பார்த்து, "அறுவத்திரெண்டு, அக்கா" என்றான். எடுத்துத் தட்டில் வைத்தார்கள். ஐந்து நிமிடம் தொடக் கூடாது என்றாள். அந்த ஐந்து நிமிடத்தில் அவன் கல்லைச் சுரண்டித் துடைத்து, கறி விட்டுப்போன கொழுப்பின் மேலேயே இரண்டு புரோட்டாவைப் போட்டான்.